உடலில் தைத்த முள்

வலி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. காயம் தெரியும், அதன்மேல் சுற்றிய கட்டுத் தெரியும், கைத்தடி தெரியும். வலியோ, அதனைச் சுமப்பவர் மட்டுமே அறிந்த ஒன்றாக இருந்துவிடுகிறது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொல்லும்போது, அச்சொல்லை நம்புவதா, நம்பாமல் விடுவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குக் கோவிலில் ஒரு பெண்மணியைக் கண்டோம். ஞாயிறு திருப்பலியில் எல்லாரும் தரையில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் சுவரோரமாய் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தார். எழுந்தேற்ற வேளையிலும் அவர் முழந்தாட்படியிடவில்லை. வயது நாற்பதைத் தாண்டியிராது; நடையிலும் குறை எதுவும் தெரியவில்லை. இந்த வயதில் இத்தனை அலட்சியமா என்று நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. அவருக்கு முடக்குவாதம் என்பதும், காலையில் எழுந்து சேலை கட்டிக்கொள்வதற்கே மகளின் துணை வேண்டியிருக்கிறது என்பதும் பல மாதங்கள் கழித்தே நமக்குத் தெரியவந்தன. நோய் தொடங்கி ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர் மருத்துவரிடமே செல்லவில்லை. ஆண்டவர் அனுப்பிய சிலுவை, பொறுமையோடு சுமந்து ஒப்புக்கொடு என்று வீட்டுப் பெரியவர்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் ஒப்புக்கொடுத்தார். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன.

அவரைப் பற்றி நாம் எண்ணிய எண்ணமும், அவருக்குப் பெரியவர்கள் கூறிய அறிவுரையும் நம்மை நெடுநாள் உறுத்தின. நோயை ஏற்றுக்கொள்வது புண்ணியம் என்றால், அதனை எதிர்த்து மருந்து உண்பது விசுவாசக் குறைவா? மருந்து உண்பதே கடமை என்றால், சிலுவையைச் சுமத்தல் என்பதற்கு என்ன பொருள்? இக்கேள்விகளை உலகறிந்த ஒருவரின் வாழ்வை முன்வைத்துச் சிந்திப்பது எளிதாக இருக்கும் என எண்ணுகிறோம்.

ஓடிக்கொண்டே இருந்தவர்

கரோலின் வோஸ்னியாக்கி 1990-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரில், போலந்து நாட்டிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை கால்பந்தாட்டக்காரர், தாய் கைப்பந்தாட்ட வீராங்கனை. டென்னிஸ் ஆட்டத்தில் 2010 அக்டோபரில் உலகத் தரவரிசையின் முதலிடத்தை எட்டிய கரோலின், தம் வாழ்நாளில் மொத்தம் 71 வாரங்கள் அவ்விடத்தில் இருந்தார். எதிராளியை ஒரே அடியில் வீழ்த்தும் ஆற்றலால் அவர் புகழ்பெறவில்லை. எந்தப் பந்தையும் விடாமல் ஓடி எடுப்பதும், மணிக்கணக்கில் ஆடியும் களைப்படையாமல் இருப்பதுமே அவருடைய வலிமை. 2014 நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் கலந்துகொண்டு, 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை 3 மணி 26 நிமிடங்களில் ஓடி முடித்தார். 2018 சனவரியில் மெல்போர்னில் சிமோனா ஹாலெப்பை வென்று, தம் முதல் பெரும் பட்டமாகிய ஆஸ்திரேலிய ஓபனைப் பெற்றார்.

அதே ஆண்டு கோடையில் உடல் அவருக்கு எதிராகத் திரும்பியது. விம்பிள்டன் போட்டிக்குப் பின் காய்ச்சல் கண்டவரைப் போலச் சோர்ந்தார், மூட்டுகள் வலித்தன. ஆகஸ்டில் மான்ட்ரியால் நகரில் ஆடிய பின் ஒரு நாள் காலையில் விழித்தபோது, கைகளைத் தலைக்குமேல் தூக்க இயலவில்லை. உயர எறிந்த பந்தைத் தலைக்குமேல் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது நேர்ந்தது. மருத்துவரை நாடியபோது, உடற்பயிற்சி குறைந்திருக்கலாம், மனத்தின் வேலையாகவும் இருக்கலாம் என்று சிலர் கூறியதாக அவரே பின்னாளில் சொன்னார். உலகின் மிக உறுதியான உடல்களுள் ஒன்று எனப் பெயர்பெற்றவரின் சொல்லே முதலில் நம்பப்படவில்லை என்றால், பெயரற்ற ஓர் ஏழைப் பெண்ணின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

பின்னர் நோய் இன்னதென்று தெரிந்தது. அதற்கு முடக்குவாதம் என்று பெயர்.

வீட்டைத் தாக்கும் காவலன்

முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் வலி வேறு. இந்த நோய் வேறு. வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு போரிடுவதற்கென்று உடலில் வைக்கப்பட்டுள்ள எதிர்ப்பாற்றல், வழிதவறித் தன் உடலையே தாக்கத் தொடங்குவதால் இது விளைகிறது. வீட்டைக் காக்க நிறுத்திய காவலன் வீட்டாரையே அடிப்பதற்கு இது ஒப்பாகும். மூட்டின் உட்சவ்வு அழற்சியுற்று வீங்குகிறது. கவனியாது விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளையும் ஒருசேரப் பற்றுகிறது. காலையில் எழுந்தவுடன் மூட்டுகள் இறுகி, அந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. உடன் வரும் சோர்வு, தூங்கி எழுந்தாலும் தீர்வதில்லை. ஒரு நாள் நன்றாக இருப்பவர் மறுநாள் படுக்கையைவிட்டு எழ இயலாமற் போகலாம். நேற்று நன்றாகத்தானே இருந்தாய் என்ற கேள்வியே இந்நோயாளரை மிகுதியாகப் புண்படுத்துவது.

இந்நோய் அரிதானதும் அன்று. உலகில் பெரியவர்களுள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சற்றுக் குறைவானோரை இது பற்றியிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. அப்படியானால் ஆயிரம் பேர் கூடும் ஒரு பங்கில் சிலராவது இதனைச் சுமந்துகொண்டு நம் அருகில் அமர்ந்திருப்பார்கள்.

மருத்துவம் இந்நோய்க்கு முழுக்குணம் தரும் வழியை இன்னும் காணவில்லை. ஆயினும் அடக்கிவைக்கக் கற்றிருக்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், நடக்க இயலாதிருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற சுரப்புப் பொருளை முதன்முறையாகச் செலுத்தினார்கள். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். இதற்குக் காரணமான ஆய்வுக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டீன் என்னும் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் எலும்பு நலிவதும், இரத்தத்தில் சர்க்கரை கூடுவதும், தொற்றுநோய்கள் எளிதில் பற்றுவதும் விரைவில் தெரியவந்தன. இன்று மெத்தோட்ரெக்சேட் என்ற விலை குறைந்த பழைய மருந்தே சிகிச்சையின் அடித்தளமாக விளங்குகிறது. வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் உண்ண வேண்டிய மருந்து அது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. ஈரலைப் பாதிக்கிறதா என்று அவ்வப்போது இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கருவுற நினைக்கும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் கூறி அதனை நிறுத்திவிட வேண்டும். 1990-களின் இறுதியில் வந்த உயிரியல் மருந்துகள் வலிமை வாய்ந்தவை, விலையும் மிகுந்தவை. அவற்றுள் சிலவற்றைத் தொடங்குமுன், உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இவற்றை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்நோயில் முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. அப்போதே முறையான மருந்து தொடங்கினால் மூட்டுகள் பெரும்பாலும் காப்பாற்றப்படும். அரிக்கப்பட்ட எலும்பை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது. ஆகவே, காலம் தாழ்த்தும் பக்தி இங்கே குற்றமற்ற தவறாக இராது. ஒருவருடைய விரல்களை அது விலையாகக் கேட்கிறது.

மும்முறை வேண்டியவர்

துன்பத்தைப் பற்றிய நம் மறைக்கல்வியில் புனித பவுல் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறார். தம் உடலில் தைத்த ஒரு முள்ளைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அது என்ன நோய் என்று எவரும் உறுதியாகக் கூறியதில்லை. ஆண்டவருடைய அருள் தமக்குப் போதும் என்று அவர் அமைதியுற்றதை நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த அமைதிக்கு முன்னர், அந்த முள் நீங்கும்படி அவர் மும்முறை ஆண்டவரை வேண்டினார் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் முதலில் கிண்ணம் அகலும்படியே வேண்டினார். அதன் பின்னரே தந்தையின் திருவுளத்துக்குத் தம்மைக் கையளித்தார். துன்பம் நீங்க வேண்டும் என்று கேட்பது, அதனை ஏற்பதற்கு எதிரானதாக இருந்தால் இவ்வேண்டுதல்கள் எழுந்திருக்கமாட்டா.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தம் முள்ளைப் பொறுத்துக்கொண்ட அதே பவுல், திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சை இரசம் அருந்துமாறு அறிவுரை கூறுகிறார். ஒப்புக்கொடு என்று மட்டும் எழுதி முடித்துவிடவில்லை. சீராக் நூலின் 38-ஆம் அதிகாரமோ, மருத்துவரைப் படைத்தவரும் மருந்துகளை நிலத்திலிருந்து விளையச் செய்தவரும் கடவுளே என்று கற்பிக்கிறது. நோயுற்றவர் இறைவனிடம் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்கிறது. மன்றாட்டையும் மருந்தையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது.

திருச்சபையின் வழிபாடும் இதற்குச் சான்று. முற்காலத்தில் அவஸ்தைப்பூசுதல் என்று நாம் அஞ்சி ஒதுங்கிய திருவருட்சாதனத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நோயில்பூசுதல் என்றே வழங்குகிறோம். சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் திருத்தப்பட்டது. அச்சடங்கில் குருவானவர் ஆன்ம நலத்துக்காகவும் மன்றாடுகிறார்; இறைவனின் திருவுளமானால் உடல்நலம் திரும்பவும் மன்றாடுகிறார். நலம் பெற விரும்புவது குற்றமாயின், திருச்சபை அவ்வாறு மன்றாடுமா?

அப்படியானால் ஏற்பது என்பது என்ன? நோய் வந்துவிட்டது என்ற உண்மையை மறுக்காதிருப்பதே அதன் முதற்படி என நாம் கருதுகிறோம். தமக்கு ஒன்றுமில்லை என்று நடிப்பவர் நோயை ஏற்கவில்லை. மருந்தைத் தள்ளுபவரும் ஏற்கவில்லை. நாள்தோறும் காலையில் இறுகிய விரல்களோடு எழுந்து, இன்றைக்கு எவ்வளவு இயலுமோ அவ்வளவு செய்வேன் என்று சொல்லி, உரிய நாளில் மருந்தை உட்கொண்டு, சோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரே அதனை ஏற்றவர். மருந்துக்கும் எட்டாத வலி எஞ்சி நிற்கும். ஒப்புக்கொடுப்பதற்கு அது போதுமானது. தேவையில்லாத வலியையும் சேர்த்து ஒப்புக்கொடுக்குமாறு இறைவன் கேட்கவில்லை. நலவாழ்வு இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை, அதனைத் தக்கவாறு பேணுவது நம் கடமை என்பதே 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் போதனை.

வெற்றியின் சோதனை

கரோலினின் கதை அங்கே முடியவில்லை. நோய் உறுதியாகி இரண்டு மாதங்கள்கூட முழுமையாகச் செல்லாத நிலையில், 2018 அக்டோபர் 7 அன்று பெய்ஜிங்கில் நடைபெற்ற பெரும் போட்டியில் வென்றார். அது அவருடைய முப்பதாவது பட்டம். அதுவரை நோயைப் பற்றி அவர் வெளியே சொல்லவில்லை. எதிராளிகளுக்குத் தம் பலவீனம் தெரிந்துவிடும் என்று தயங்கினார். அம்மாத இறுதியில் சிங்கப்பூரில் அவ்வாண்டின் கடைசிப் போட்டி முடிந்தபின்பே உலகுக்கு அறிவித்தார். 2020 சனவரியில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அம்முடிவுக்குக் காரணம் தம் உடல்நிலை அன்று என்றும் தெளிவுபடுத்தினார். இரு குழந்தைகளுக்குத் தாயானபின் 2023 ஆகஸ்டில் மீண்டும் ஆடுகளத்துக்கு வந்தார். அவர் திரும்பிவந்து ஆடிய முதல் நகரம், ஐந்தாண்டுகளுக்கு முன் கைகளைத் தூக்க இயலாமற் போன அதே மான்ட்ரியால். அடுத்த சில வாரங்களில் அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்றுவரை முன்னேறினார்.

இவரைப் போன்றோர் வேறு சிலரும் உண்டு. இதற்கு உறவான வேறொரு மூட்டழற்சி நோய் 2010-இல் பில் மிக்கல்சன் என்ற கோல்ஃப் ஆட்டக்காரரைப் பற்றியது. சிகிச்சையோடு ஆடிவந்த அவர் 2021-இல், தம் ஐம்பதாம் வயதில், பெரும் பட்டம் ஒன்றை வென்றார். அத்தனை வயதில் அவ்வெற்றியைப் பெற்றவர் அதற்குமுன் எவருமில்லை.

இத்தகைய செய்திகள் நமக்கு ஊக்கமளிக்கின்றன. ஆயினும் இவற்றில் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. அவர் வென்றாரே, உன்னால் ஏன் முடியவில்லை என்று நோயாளரிடம் கேட்கும் சோதனை அது. முதலில் ஒப்புக்கொடு என்று சொல்லி மருந்தை மறுத்தவர்கள், இப்போது எழுந்து ஓடு என்று சொல்லி ஓய்வை மறுக்கிறார்கள். இரண்டு அறிவுரைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: பிறர் வலியோடு உடனிருக்கும் பொறுமை நமக்கில்லை. இந்நோய் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. ஒருவருக்குப் பயன்பட்ட மருந்து மற்றொருவருக்குப் பயன்படாது போகலாம். சிறந்த மருத்துவரும், உடற்பயிற்சி வல்லுநரும், வேண்டிய பொருளும் ஒரு வீராங்கனைக்கு உண்டு. விடியுமுன் எழுந்து தண்ணீர்க்குடம் தூக்க வேண்டியவருக்கு அவை இல்லை.

மேலே குறித்த மறைக்கல்வி நூல், உடல்நலத்தைப் பேணச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. உடலை வழிபடுவதும், உடலின் நிறைவையும் விளையாட்டு வெற்றியையும் தெய்வமாக்குவதும் தவறு என்கிறது. அவ்வழி செல்லும் உலகம், வலியோரைத் தெரிந்துகொண்டு எளியோரைத் தள்ளிவிடும் என்பது அதன் கவலை. பெய்ஜிங்கில் வென்றபோது கரோலினுக்கு இருந்த மாண்பு, மான்ட்ரியாலில் கையைத் தூக்க இயலாதிருந்த காலையிலும் அவருக்குக் குறைவின்றி இருந்தது. அவர் திரும்ப வராமலே இருந்திருந்தாலும் அது குறைந்திராது. இதனை நம்பாதவர்கள் வெற்றியைப் போற்றலாம். மனிதரைப் போற்ற இயலாது.

மருந்து உண்டு வெல்வது நேர்மையா என்றும் சிலர் கேட்பர். விளையாட்டுலகம் இதற்கு நல்லதொரு வரையறை வைத்திருக்கிறது. கார்ட்டிசோன் வகை மருந்துகளை வாய்வழியாகவோ ஊசிவழியாகவோ போட்டிக் காலத்தில் எடுத்துக்கொள்வது விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. நோயுள்ளவரோ, மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு மருந்து உதவலாம். பிறரிடம் இல்லாத ஆற்றலைத் திருடுவதற்கு உதவலாகாது என்பதே அதன் கருத்து. அறநூலார் கூறும் தலையாய நற்பண்புகளாகிய விவேகமும் நீதியும் இதைத்தான் கேட்கின்றன.

சீமோனின் தோள்

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், துன்பத்தின் மீட்பளிக்கும் பொருள் குறித்து 1984 பிப்ரவரி 11-இல் ஒரு திருமடல் வெளியிட்டார். துன்புறுவோர் தம் துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைக்க அழைக்கப்படுகிறார்கள் என்று கற்பித்த அம்மடல், நல்ல சமாரியரின் உவமையை விரித்துரைத்தே நிறைவை நோக்கிச் செல்கிறது. துன்பத்துக்குப் பொருள் உண்டு என்று சொல்பவர், துன்புறுவோரின் காயத்தைக் கட்டவும் கடமைப்பட்டவர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. அவரே பின்னாளில் நடுங்கும் கையோடும் குழறும் நாவோடும், மருத்துவரின் கவனிப்பை ஏற்றுக்கொண்டு, 2005 வரை தம் பணியைத் தொடர்ந்ததை உலகம் கண்டது.

சிலுவையைச் சும என்று பிறருக்குச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா? சிலுவைப் பாதையில் ஆண்டவரிடம் அப்படிச் சொல்லியவர் நல்லவர் எவருமில்லை. அவருடைய நண்பர்களுள் சிலர் அழுதார்கள். ஒருவர் முகம் துடைத்ததாக நம் மரபு கூறுகிறது. சீரேனே ஊரானாகிய சீமோனோ தோள் கொடுத்தார். அவர் கட்டாயத்தின்பேரில்தான் வந்தார் என்றாலும், பாரத்தில் ஒரு பகுதி இறங்கியது உண்மை. சிலுவையைப் பற்றிப் போதிப்பதற்கு முன் அதன் ஒரு முனையைப் பிடித்துப் பார்ப்பது நமக்கு நல்லது. நோயாளரோடு மருத்துவமனைக்குச் செல்லலாம்; மருந்தின் விலையில் பங்கேற்கலாம்; நேற்று நன்றாயிருந்தவர் இன்று வரவில்லை என்றால், ஏன் என்று குற்றஞ்சாட்டும் குரலில் கேளாதிருக்கலாம். அனைத்துக்கும் முதலாக, வலிக்கிறது என்று அவர் சொல்லும்போது நம்பலாம்.

நாம் முதலில் குறிப்பிட்ட பெண்மணி இப்போது முறையாகச் சிகிச்சை பெற்றுவருகிறார். கோணிய விரல்கள் நிமிரவில்லை. ஆனால் வலி பெரிதும் தணிந்திருக்கிறது. சேலையைத் தாமே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். முழந்தாட்படியிட அவரால் இன்னும் இயலாது. ஞாயிறு காலையில் அவர் வருமுன்பே சுவரோரத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது; பீடச் சிறுவர்களுள் ஒருவன் எவரும் சொல்லாமலே அதனைச் செய்துவருகிறான். எழுந்தேற்ற மணி ஒலிக்கும்போது அவர் தலை தாழ்த்துகிறார். நாமும் அவர் அருகில் முழந்தாளிட்டுத் தலை தாழ்த்துகிறோம். அன்று அவரைத் தீர்ப்பிட்ட நம் எண்ணத்துக்காக மன்னிப்பையும், பிறர் வலியை நம்பும் உள்ளத்தையும் ஆண்டவரிடம் கேட்கிறோம்.